வந்த வழியே ஓடியவர்கள்

பேய்வீட்டின் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவளுக்கு உள்ளே நடப்பது தெரியாது. கேட்கத்தான் செய்யும். தகரச் சுவரில் முதுகைச் சாய்த்து டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, உள்ளே போன கூட்டம் எந்த அறையில் நிற்கிறது என்று டிக்கெட்டம்மா சொல்லிவிடுவாள். இருட்டு நடையில் ஈர நூல்கள் முகத்தில் படும்போது எழுவது 'சீ' என்ற சத்தம். அது பயத்தில் சேர்த்தி இல்லை, அருவருப்பு. அடுத்த அறையில் காலடிப் பலகை கையளவு இறங்கும். அங்கே ஆம்பளைகள் கத்துவார்கள், உடனே இருமி அதை மறைப்பார்கள். சவப்பெட்டி மூடி திறக்கும் இடத்தில் குழந்தைகள் கத்தும், அம்மாக்கள் அப்பாக்களைத் திட்டுவார்கள். கடைசியில் நாற்காலி அறை. அங்கே முதலில் சத்தமே வராது. பிறகு எல்லோரும் ஒரே மூச்சில் அலறுவார்கள். பலகை அதிர ஓடும் காலடிகள் அந்தக் கோடிக்குப் போகும். வெளிவாசல் திரை பறக்கும். சோளப்பொரி வண்டிக்கு முன்னால் வந்து ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிப்பார்கள்.

அதெல்லாம் போன வருஷம் வரைக்கும்.

நாற்காலி அறையில் அப்போது உட்கார்ந்திருந்தது அவள் மகள். கால்வரை வெள்ளை அங்கி, முகத்தை மூடித் தொங்கும் முடி, மடியில் இரண்டு கை. வேறு வேஷம் கிடையாது. வருகிறவர்கள் கிட்டே குனிந்து பார்ப்பார்கள், பொம்மை என்று முடிவு கட்டுவார்கள், தாண்டிப் போவார்கள். கடைசி ஆளும் முதுகைக் காட்டிய பிறகு எழுந்து நிற்பாள். அவ்வளவுதான். நாற்காலி ஒரு தடவை கிறீச்சிடும். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. திரும்பக் கொண்டுவரவில்லை.

இப்போது அந்த நாற்காலியில் மோட்டார் வைத்த பொம்மை. டிக்கெட்டம்மாவின் புருஷன் செய்தது. பொருட்காட்சி மைதானத்தில் எல்லோரும் அவரைப் பேய்க்காரர் என்பார்கள். பேய்வீட்டின் ஒவ்வொரு பலகையும் அவர் இழைத்து அடித்தது. பொம்மைக்கு அவர் கோரைப்பல் வைத்தார், நாக்கு வைத்தார், கண்ணில் சிவப்பு பல்பு வைத்தார். நாற்காலி அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமை காலையில் மைதான மேனேஜர் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அம்மா, நான் சுத்தி வளைக்க மாட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன். கூட்டம் இருந்தா இருங்க. இல்லைன்னா திங்கக்கிழமை எடத்தைக் காலி பண்ணிக் குடுங்க. நாற்காலி ஆட்டுற சினிமாக்காரன் தினம் போன் பண்றான்."

"சினிமாவுல நாற்காலி ஆடுனா அதுல என்ன சார் இருக்கு?" என்றாள் டிக்கெட்டம்மா. "எங்க வீட்டுல எல்லா நாற்காலியும் ஆடத்தான் செய்யுது."

"மூஞ்சில தண்ணியும் தெளிப்பானாம்."

"அதுவும் எங்க வீட்டுல உண்டு. கூரை ஒழுகுது."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "காலம் மாறிப்போச்சும்மா. டிக்கெட் எடுத்துப் பயப்பட இனிமே எவன் வருவான்? வீட்டுலேருந்து போன் அடிச்சாலே பாதிப் பேருக்குக் கை நடுங்குது."

அவர் போன பிறகு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வீடு என்பது பேய்வீட்டின் முதுகோடு ஒட்டிய இரண்டு தகர அறை. அடுப்புக்கும் சவப்பெட்டிக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைத் தடுப்பு. அடுப்பு மேடையில் ஒரு மண்டை ஓடு கவிழ்ந்திருக்கும். அதற்குள்தான் தீப்பெட்டி. மழை பெய்தாலும் நமுக்காது.

இடம் போனால் என்ன ஆகும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். பேய்க்காரர் தன் அண்ணனின் கிடங்குக்குக் காவலாளாகப் போவார். டிக்கெட்டம்மா தங்கை வீட்டில் போய் ஒண்டிக்கொள்வாள். மகளைக் கட்டிய மாப்பிள்ளையோடு கூடப் படித்த ஒருவன் வேறு ஊரில் செல்போன் கடை வைத்திருக்கிறான், வா வா என்கிறான். ஒரு அடுப்பு மூன்றாகிவிடும். அவள் நெஞ்சை அடைத்தது அதுதான். பெண் போன பிறகும் மாப்பிள்ளை அந்த அடுப்பில்தான் சாப்பிட்டான். குழந்தை குட்டி இல்லை. உறவு என்று சொல்லி இழுத்துப் பிடிக்க வேறு கயிறு கிடையாது. இந்தத் தகரப் பெட்டிதான் கயிறு.

மாப்பிள்ளை கல்லூரியில் படித்தவன். மைதானத்தில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான், பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அவன் பொம்மையை மடியில் படுக்கவைத்து, அதன் முதுகைத் திறந்து வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு அதைப் பாருங்க."

"பசிக்கல அத்தை."

"பசிக்கலன்னு ஒரு வருஷமா சொல்றீங்க. நானும் ஒரு வருஷமா வடிச்சுப் போடுறேன். பாதி சோறு மண்ணுக்குத்தான் போகுது."

அவன் தட்டை வாங்கிக்கொண்டான். அவள் சொன்னதற்காகச் சாப்பிட்டான். எதைச் செய்தாலும் அப்படித்தான். கேட்டால் பதில் சொல்வான், கூப்பிட்டால் வருவான், பாம்பு வந்தாலும் நகர்ந்து வழிவிடுவான். நிஜமாகவே ஒரு தடவை வந்தது. பேய்க்காரர் நாற்காலி மேல் ஏறிக்கொண்டு கத்தினார். மாப்பிள்ளை கதவைத் திறந்துவிட்டுவிட்டு, மறுபடி வயரைப் பிடித்துக்கொண்டான்.

ராட்டினக்காரன் டீ கிளாஸோடு உள்ளே வந்தான். பக்கத்து இடம் அவனுடையது. மைதானத்திலேயே உயரமான சக்கரம், மைதானத்திலேயே நீளமான வாய்.

"என்னக்கா, மேனேஜர் கெடு வச்சுட்டுப் போறாராமே?"

"உன் சக்கரத்துக்கு மேலேருந்து பார்த்தியா?"

"அங்கேருந்து எல்லாம் தெரியும். உங்க வீட்டுக் கொழம்பு தண்ணியா இருக்கிறது வரைக்கும் தெரியும்." உட்கார்ந்தான். "பயத்துக்கு ஆளில்லைன்னு சொன்னாராம். தப்புக்கா. என் கிட்ட வர்றவன் எதுக்கு வர்றான்? காத்து வாங்கவா? உச்சிக்குப் போனதும் கடவுளே, எறக்கி விடுன்னு கதறுறான். கீழ வந்ததும் அதே வாயால இன்னொரு ரவுண்டுங்குறான். நேத்து ஒரு கிழவர் மேல போய்க் கண்ணை மூடிட்டார். என்னங்க, தூங்குறீங்களான்னு கேட்டேன். சும்மா இருப்பா, உயிரோட இருக்கேனான்னு பாத்துட்டு இருக்கேன்னார்."

"பயத்துல கூடவா அதைப் பாப்பாங்க?" என்றார் பேய்க்காரர்.

"பின்ன? வீட்டுல உக்காந்தா அது தெரியுதா?"

பேய்க்காரருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தொழில் பேச்சில் வெளியாள் மூக்கை நுழைத்தால் அவருக்கு ஆகாது. "பயங்கறது பல்லுலயும் ரத்தத்துலயும் இருக்கு. பல்லு போதலை. இன்னும் ரெண்டு வச்சா சரியாப் போகும்."

"ஏங்க, பொண்ணுக்கு எத்தனை பல்லு வச்சீங்க?" என்றாள் டிக்கெட்டம்மா.

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினான்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் பயந்தேன் மாமா," என்றான். "அந்தப் பயம் எந்தப் பக்கம் போனாலும் முடியல. இங்க வர்றவங்களுக்கு அந்தக் கோடியில வாசல் இருக்குன்னு தெரியும். அதான் தைரியமாப் பயப்படுறாங்க. சவப்பெட்டிக்கு நடுவுல சிரிக்கிறாங்க."

இவ்வளவு நீளமாக அவன் பேசி ரொம்ப நாளாயிற்று. டிக்கெட்டம்மா கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். அவன் மறுபடி பொம்மையின் முதுகுக்குள் குனிந்துவிட்டான்.

ராட்டினக்காரனுக்கு மௌனம் ஆகாது. "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்த மைதானத்துல சரியாப் பயந்தவர் அவர் ஒருத்தர்தானே. காலேஜ் பசங்களோட வந்தார். கூட வந்தவனெல்லாம் சோளப்பொரி வண்டி மேல போய் விழுந்தான். இவரு மட்டும் உள்ள நின்னு, பேயைப் பாத்து, ரொம்ப நல்லா இருந்துச்சுங்கன்னு சொல்லிட்டு வந்தாரு. மறுநாள் தனியா வந்தாரு. அதுக்கு மறுநாளும் வந்தாரு. அக்கா, அப்பவே நான் சொன்னேன், இது பேய் பிடிச்ச கேசு இல்ல, பேயைப் பிடிக்க வந்த கேசுன்னு."

மாப்பிள்ளையின் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. அவள் அதையும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். நூலுக்குச் 'சீ' சொன்னார்கள், பலகைக்குக் குதித்தார்கள். நாற்காலி அறையில் பொம்மை கடகடவென்று எழுந்ததும் ஒருத்தன், "தாத்தா பைக் ஸ்டார்ட் பண்றாருடா," என்றான். எல்லோரும் அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் அதன் வாயில் மிட்டாய் வைத்துவிட்டு வந்தாள். பொம்மை மிட்டாயோடு எழுந்தது, உட்கார்ந்தது, எழுந்தது, எழுந்தபடியே நின்றுவிட்டது. தீய்ந்த வாடை டிக்கெட் ஜன்னல் வரை வந்தது. மாப்பிள்ளை மோட்டாரைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே சுருள் கருகிக் கட்டியாகியிருந்தது. மோட்டார் விற்கும் கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.

ஞாயிறு மதியம் தூறல் போட்டது. மைதானத்து மண் இளகி, செருப்பை விடமாட்டேன் என்றது. தூறல் விட்டதும் மேனேஜர் கையில் அளவு நாடாவோடு வந்தார். பேய்வீட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நாடாவை இழுத்தார்.

"சாயங்காலம் வரைக்கும்னு சொன்னீங்களே," என்றாள் அவள்.

"ஆமாம்மா. இது சும்மா அளவுக்கு."

"உயிர் இருக்கும்போதே பெட்டிக்கு அளவெடுக்குறீங்க. எடுங்க."

அவள் வீட்டுக்குள் போனபோது பேய்க்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பொம்மை மூலையில் தலைகுப்புறக் கிடந்தது. இருட்டு நடையிலிருந்து மாப்பிள்ளை வந்து, "நான் உக்காருறேன் மாமா," என்றான்.

"எங்க?"

"நாற்காலியில."

பேய்க்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவனைப் பார்த்தாள். அந்த நாற்காலியில் அவன் உட்காருவான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தாள். அவன் முகத்தில் கெஞ்சலும் இல்லை, துக்கமும் இல்லை. வயர் அறுந்திருக்கிறது, கட்டுகிறேன் என்று சொல்கிற அதே முகம்.

"உக்காருங்க மாப்ள," என்றாள்.

வேஷம் போடுவதில் பேய்க்காரருக்கு நிதானம் கிடையாது. அங்கியை மாட்டிவிட்டார். டப்பாவிலிருந்த முகப்பவுடரை முழுதாகக் கவிழ்த்தார். மூக்கு, காது, கழுத்து என்று இடம் விடாமல் அப்பினார். பெட்டியின் அடியிலிருந்து எடுத்த பொய்முடியை உதறாமலேயே அவன் தலையில் மாட்டினார்.

"விதி ஞாபகம் இருக்குல்ல மாப்ள? பேய் எப்பவும் பின்னாலதான் வரணும். முன்னால வந்தா ஜனம் திரும்பி வந்த வழியே ஓடும். நம்ம நடையில ஒரு ஆள்தான் போகலாம். எல்லாரும் உங்களைத் தாண்டிப் போகட்டும். அப்புறம் எழுந்திருங்க. என்ன ஆனாலும் அதுக்கு முன்னால அசையக் கூடாது."

"சரி மாமா."

"மூச்சு கூட மெதுவா."

"சரி மாமா."

முதல் கூட்டத்தில் நாலைந்து கல்லூரிப் பெண்கள், ஒரு பருமனான மனிதர், அவர் மனைவி. பருமனானவர் வாசலிலேயே, "இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம், உனக்காக வர்றேன்," என்று மனைவியிடம் சொன்னார். மனைவி டிக்கெட்டம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போனாள். வரிசை என்று சொல்ல வெளியே வேறு யாரும் இல்லை. மழைக்கு ஒதுங்கிய ஒன்றிரண்டு பேர் இன்னும் நகராமல் நின்றார்கள். மேனேஜர் நாடாவைத் தரையில் நீட்டி, ஜனம் நுழையும் உள்வாசலுக்கு நேர் எதிரே குந்தியிருந்தார்.

டிக்கெட்டம்மா தகரத்தில் முதுகைச் சாய்த்தாள். 'சீ' கேட்டது. பலகை இறங்கியது, பருமனானவர் இருமினார். சவப்பெட்டி. பிறகு நாற்காலி அறை. சத்தமில்லை. மெல்லிய குரலில் ஒரு பெண், "பொம்மைதாண்டி. பவுடர் பாரு, கல்யாணத்துக்குப் போற மாதிரி," என்றாள். இன்னொருத்தி சிரித்தாள். போச்சு, சிரித்துவிட்டார்கள் என்று டிக்கெட்டம்மா நினைத்தாள்.

அப்போது உள்ளே ஒரு தும்மல்.

தகரம் அதிர்ந்தது. அதன் பின்னால் ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு தெளிவாக, தணிந்த குரலில், மரியாதையாக ஒரு ஆண் குரல் கேட்டது. "சாரி."

அந்த அலறலை அவள் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. எந்த அறைக்கும் பொருந்தாத அலறல். அதைவிட முக்கியம், அது அந்தக் கோடிக்குப் போகவில்லை. இவள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. சவப்பெட்டி அறை, பலகை, நூல் என்று தலைகீழாக வந்தது. உள்வாசல் திரை கம்பியோடு பிய்ந்தது. முதலில் வெளியே வந்தவர் பருமனானவர். மனைவியின் கைப்பை அவர் கழுத்தில் இருந்தது. தரையில் நாடா பிடித்துக்கொண்டிருந்த மேனேஜரை அவர் தாண்டிக் குதித்தார். பின்னால் வந்த பெண்களுக்குத் தாண்ட நேரமில்லை. மேனேஜர், நாடா, பெண்கள் எல்லாம் ஒரே குவியலாகச் சேற்றில் விழுந்தார்கள்.

பேய்க்காரர் பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தார். குவியலைப் பார்த்தார், பிய்ந்த திரையைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். "முடிஞ்சுது."

மாப்பிள்ளை நூல்களை விலக்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தான். மூக்கைத் துடைத்ததில் பவுடர் ஒரு கோடாக அழிந்திருந்தது. "யாருக்காவது அடிபட்டுதா?" என்றான் கவலையோடு. பெண்கள் மறுபடி வீறிட்டார்கள். அவன் உள்ளே போய்விட்டான்.

குவியலில் ஒருத்தி குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து டிக்கெட்டம்மா ஜன்னலை விட்டு இறங்கி ஓடினாள். அந்தப் பெண் மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தும்முச்சுடி. தும்மிட்டு... தும்மிட்டு சாரி சொல்லுச்சுடி."

"உன்னைப் பாத்துத்தான் சொல்லுச்சு."

"நான் பரவாயில்லைங்கன்னு சொல்லிட்டேண்டி."

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பருமனானவரின் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இவர் என்னை விட்டுட்டு ஓடினாரு, என் பையை மட்டும் காப்பாத்தினாரு," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். பருமனானவர் பையைக் கழற்றிக் கொடுத்தார். இருமிப் பார்த்தார். எடுபடவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். ராட்டினத்தில் ஏற நின்றவர்கள் வரிசையை விட்டு வந்தார்கள். "என்ன ஆச்சு? உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். சேற்றோடு நின்ற பெண்கள், "சொல்ல மாட்டோம், போய்ப் பாருங்க," என்றார்கள். ஒருத்தி டிக்கெட் ஜன்னலில் கையை நீட்டினாள். "அம்மா, நாங்க முழுசாப் பாக்கல. மறுபடி போகணும்."

பேய்க்காரர் குறுக்கே கையை நீட்டினார். "இன்னிக்குக் காட்சி இல்ல. உள்ள ஆள் சரியில்ல. முன்னால பயமுறுத்திட்டான். பேய் பின்னாலதான் வரணும், அது என் விதி. மாப்ளைக்கு மூக்கைக் கட்டி, புதுசா—"

"ஏங்க," என்றாள் டிக்கெட்டம்மா.

"என்ன?"

"இத்தனை வருஷமா அந்தக் கோடியில போய் விழுந்தாங்க. சோளப்பொரிக்காரன்தான் பாத்தான். இன்னிக்கு என் ஜன்னலுக்கு முன்னால வந்து விழுந்திருக்காங்க. ஊரே பாக்குது."

"நடையில ஒரு ஆள்தான் போகலாம். வர்றவனும் போறவனும் முட்டிக்குவான்."

"ஒரு கூட்டம் வெளிய வந்தப்புறம் அடுத்த கூட்டத்தை விடுறேன். அந்தத் திரையைத் திரும்பக் கட்டாதீங்க. தரையில வைக்கோல் போடுங்க, விழுந்தா அடிபடாது. நாடாவையும் கொஞ்சம் எடுத்து ஓரமா வைங்க சார், கால்ல சிக்குது."

கடைசி வாக்கியம் மேனேஜருக்கு. அவர் முழங்காலில் சேற்றோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

பேய்க்காரர் அவளை முறைத்தார். பேய்வீடு கட்டின நாளிலிருந்து அவர் விதியை யாரும் தொட்டதில்லை. அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் வைக்கோல் எடுக்கப் போனார். போகிற போக்கில் தகரச் சுவரைத் தட்டி, "மாப்ள, இன்னும் கொஞ்சம் பவுடர் வேணுமா?" என்று கேட்டார்.

"இருக்கிறதே போதும் மாமா," என்று இருட்டு சொன்னது.

அதற்கப்புறம் டிக்கெட் கிழிப்பதற்கு அவளுக்கு இரண்டு கை போதவில்லை. உள்ளே போகிறவர்கள் சாரி சொல்லும் பேயைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் போனார்கள். என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே போய், தலைதெறிக்கத் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் தும்மல் வரவில்லை. வராத நேரத்தில் அவன் தனக்குத் தோன்றியதைச் செய்தான். ஒருத்தனிடம் மணி என்ன என்று கேட்டானாம். பாட்டுப் பாடிக்கொண்டு வந்த ஒரு கூட்டத்திடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரல," என்றானாம். அந்த நாற்காலிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டான். அவனுக்குப் பல்லும் நாக்கும் தேவைப்படவில்லை. படித்த பிள்ளையின் மரியாதையே போதுமானதாக இருந்தது.

ராட்டினக்காரன் சக்கரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தான். "அக்கா, என் ஆளுங்கள்லாம் இங்க நிக்குறானுங்க. மேல தொங்குறவன் கூட, எறக்கி விடு, அங்க போகணுங்குறான்."

"இறக்கி விடு. அவனும் ஒரு டிக்கெட் எடுக்கட்டும்."

"நீ என் வயித்துல அடிக்கிற."

"நீயும் போய்ப் பாரு. வயித்துல என்ன இருக்குன்னு தெரியும்."

வானம் வெளுத்து, மேற்கே மஞ்சளாயிற்று. மேனேஜர் போகவில்லை. நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, வரிசையின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டு நின்றார். பிறகு ஜன்னலுக்கு வந்தார்.

"பாதுகாப்பு எப்படி இருக்குன்னு நான் உள்ள போய்ப் பாக்கணும்."

"பாருங்க சார்."

"நான் தனியாப் போறேன். வேலையா வந்தவன். பயப்பட வரல."

"சரிங்க சார்."

அவர் உள்ளே போனார். வரிசை மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. டிக்கெட்டம்மா தகரத்தில் காதை வைத்தாள். நூலுக்குச் சத்தமில்லை. பலகைக்குச் சத்தமில்லை. சவப்பெட்டிக்கு, "ஆணி சரியா அடிக்கல," என்ற முணுமுணுப்பு. நாற்காலி அறைக்குள் போனார். மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்திருக்க வேண்டும். அவர் மூச்சே அவளுக்குக் கேட்டது.

"தம்பி," என்றார் மேனேஜர். "நீதான்னு தெரியும். என்கிட்ட இதெல்லாம் வேணாம்."

பதில் இல்லை.

"தம்பி?"

பதில் இல்லை.

"தம்பி, நீதானே?"

மாப்பிள்ளை என்ன செய்தான் என்று இன்றுவரைக்கும் அவள் கேட்கவில்லை. மேனேஜரும் சொன்னதில்லை. நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. அடுத்து அவள் பார்த்தது, மைதான மேனேஜர் வைக்கோல் மேல் நான்கு காலில் தவழ்ந்து வெளியே வருவதை. வரிசை கைதட்டியது. ஒரு காலில் செருப்பு இல்லை.

அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். நெஞ்சு ஏறி இறங்கியது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர். எதையோ சொல்ல வாயைத் திறந்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. சுவரில் கையூன்றி நின்று சிரித்தார். அவர் சிரித்து மைதானத்தில் யாரும் பார்த்ததில்லை.

"சார், செருப்பு உள்ள கிடக்கு. போய் எடுத்துட்டு வாங்க," என்றாள் அவள்.

"கிடக்கட்டும்மா."

"நல்ல செருப்பாச்சே."

"கிடக்கட்டும்னு சொல்றேன்ல." மூச்சு வாங்கினார். "சினிமாக்காரனுக்கு வேற எடம் பாக்குறேன். நீங்க சீசன் முடியிற வரைக்கும் இருங்க. அடுத்த சீசனுக்கும் சேத்துச் சொல்லிடுறேன். தண்ணி குடுங்க கொஞ்சம்."

பேய்க்காரர் சொம்பை நீட்டினார். மேனேஜர் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு குடித்தார். டிக்கெட்டம்மா ஜன்னல் பலகையில் இரண்டு உள்ளங்கையையும் பதித்துக்கொண்டு நின்றாள். அடுப்பு ஒன்றாகவே இருக்கும். அது புத்தியில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் அவளுக்கு உட்காரப் பிடிக்கவில்லை.

மைதானத்து விளக்குகள் எரிய ஆரம்பித்தன. அவள் டிக்கெட் கட்டைப் புருஷன் கையில் திணித்தாள்.

"எங்க போற?"

"உள்ள."

பெண் போன நாளிலிருந்து அவள் நாற்காலி அறைப் பக்கம் போனதில்லை. பெருக்குவதற்குக்கூடப் பேய்க்காரர்தான் போவார். இப்போது காத்திருந்த கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்தாள். நூல் முகத்தில் பட்டது. அவளே நனைத்துக் கட்டிய நூல். பலகை இறங்கியது. அது எப்போது இறங்கும் என்று அவளுக்குத் தெரியாததா? முன்னால் போன இளம் தம்பதி சவப்பெட்டிக்குக் கத்தினார்கள். அவள் தீப்பெட்டி எடுக்கப் போகிறவள் போல நடந்தாள்.

நாற்காலி அறையில் மங்கலான நீல பல்பு. வெள்ளை அங்கி, தொங்கும் முடி, மடியில் கை. எல்லோரும் நின்றார்கள். அவள் ஒரு அடி முன்னே வைத்தாள். காலையில் அவள் சோறு போட்ட பிள்ளை. அவன் அங்கியைத் துவைத்தது அவள்தான். பவுடர் வாடைக்கு அடியில் அவன் தலையில் வைக்கிற எண்ணெய் வாடை கூட அடித்தது.

பொய்முடி மெல்ல விலகியது. வெளுத்த முகத்தில் கண் திறந்தது.

"அத்தை," என்றான் மாப்பிள்ளை, அமைதியாக. "எனக்குப் பசிக்குது."

டிக்கெட்டம்மா அலறினாள். வயிற்றிலிருந்து, கால் விரலிலிருந்து, எங்கெங்கிருந்தோ திரண்டு வந்த அலறல். இளம் தம்பதி அவளைப் பார்த்துப் பயந்து அலறினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். யார் கையை அவள் பிடித்தாள், யார் காலை மிதித்தாள் என்று தெரியவில்லை. சவப்பெட்டி, பலகை, நூல் எல்லாம் ஒன்றாகப் பறந்தன. பின்னால் நாற்காலி அறையில் ஒரு ஆண் குரல் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. வாய்விட்டு, மூச்சு முட்ட, நிறுத்த முடியாமல். ஓடுகிற ஓட்டத்தில் அதைக் கேட்டு அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வைக்கோலில் போய் விழுந்தாள்.

பேய்க்காரர் ஜன்னலை விட்டு இறங்கி வந்தார். "என்னாச்சு? ஏ, என்னாச்சு உனக்கு? உள்ள இருக்கிறது மாப்ளதானே? உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

"அப்புறம் எதுக்கு இந்தக் கத்து கத்துன?"

தலையில் வைக்கோல், கண்ணில் தண்ணீர், நெஞ்சு உதைத்துக்கொண்டிருந்தது. அது உதைப்பது நன்றாக இருந்தது. கையை நீட்டினாள். அவர் பிடித்துத் தூக்கினார்.

"ஒரு தட்டுல சோறு போட்டுப் பின்பக்கமா மாப்ளைக்குக் குடுங்க. முட்டை இருக்கு, அதையும் வைங்க. நிறைய வைங்க."

"நீ எங்க போற?"

அவள் வரிசையை ஒட்டி நடந்தாள். பருமனானவர் மூன்றாவது தடவையாக நின்றிருந்தார். இம்முறை பையை மனைவியே பத்திரமாகப் பிடித்திருந்தாள். கல்லூரிப் பெண்கள் சேறு காய்ந்த பாவாடையோடு நின்றிருந்தார்கள். அவள் எல்லோரையும் தாண்டிப்போய், ராட்டினத்து வேலியோரம் வளைந்து போன வரிசையின் கடைசியில் நின்றாள்.

ராட்டினக்காரன் வேலிக்கு மேலே தலையை நீட்டினான். "அக்கா, உங்க வீட்டுக்கு நீங்களே வரிசையில நிக்குறீங்களா?"

"பேசாம இருடா," என்றாள் டிக்கெட்டம்மா. "அடுத்த தடவை என்ன சொல்லுவாரோன்னு எனக்கு இப்பவே பயமா இருக்கு."